உங்கள் தங்கைக்குச் சம்பளம் உயர்ந்த வினை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே உங்கள் தங்கையும் எங்கள் மகனும் நலம். நான் இருக்கிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகவே இருப்பீர்கள். அங்கே யாருக்கும் சம்பள உயர்வு வந்ததாகக் கேள்விப்படவில்லை.

உங்கள் தங்கையை மருத்துவமனையில் தலைமைச் செவிலியாக்கினார்கள் அல்லவா, அன்றைக்கு ஆரம்பித்தது வினை. சம்பளம் கூடினால் சாப்பாடு கூடும் என்று அப்பாவியாக எதிர்பார்த்தேன். முன்பு வந்த பணத்தில் பாதிக்குமேல் அரிசி, பருப்பு, காய்கறி என்று வயிற்றுக்கே போய்விடும். இப்போதும் அதே பை, அதே அரிசிதான். வயிறு என்ன பதவி உயர்வா வாங்கியது? மிச்சப் பணமெல்லாம், நான் சும்மா செய்துகொண்டிருந்த வேலைகளுக்கு ஆள் வைப்பதில் கரைகிறது. துணி தேய்க்க ஓர் ஆள், மின்விசிறி துடைக்க ஓர் ஆள். இத்தனை காலம் என் கத்தரிக்கோலுக்குத் தலைகுனிந்த மகன், இப்போது ஏசி போட்ட கடையில் போய் முடி வெட்டிக்கொள்கிறான். கேட்டால், "அப்பா, இப்பத்தான் ரெண்டு காதும் ஒரே உயரத்துல தெரியுது" என்கிறான்.

சென்ற வாரம் சமையலறைக் குழாய் சொட்டியது. லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு ஒரு குழாய் பெரிதா? ஸ்பேனரைத் தேடினால் காணோம். உங்கள் தங்கை அதை ஒளித்துவைத்துவிட்டு பிளம்பரைக் கூப்பிட்டிருக்கிறாள். போன தடவை நான் சரிசெய்தபோது கீழ்வீட்டுக்காரரின் மெத்தை நனைந்ததாம். அவர் கட்டிலை அங்கே போட்டதற்கு நானா பொறுப்பு? பிளம்பர் பக்கத்தில் குந்திக்கொண்டு நாலு நல்ல யோசனை சொன்னேன். அந்த மனிதர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் உங்கள் தங்கையிடம், "அம்மா, சாருக்குக் கடைக்குப் போற வேலை ஏதாவது இருந்தா குடுங்களேன்" என்றார். உடனே சோப்பு வாங்கிவரச் சொன்னாள். வாங்கிவந்து பார்த்தால், அலமாரியில் ஏற்கெனவே மூன்று சோப்பு.

பிளம்பர் போனதும் கேட்டுவிட்டேன், இத்தனை வருடமும் இந்த வீடு என் கையால்தானே ஓடியது என்று. உங்கள் தங்கை தட்டைக் கழுவிக்கொண்டே, "அப்ப வேற வழி இல்லைங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. எனக்கு ஒரு வேளை சாப்பாடு இறங்கவில்லை. மறுவேளை சாப்பிட்டேன், அது வேறு விஷயம்.

ஆகவே தாங்கள் நேரில் வந்து, அண்ணன் என்ற முறையில், கையில் நாலு காசு சேர்ந்தால் அதைப் பத்திரப்படுத்த வேண்டும், தொட்டதற்கெல்லாம் ஆள் வைக்கக் கூடாது என்று கண்டித்துச் சொல்ல வேண்டும். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லா வளமும் பெற்று, சிக்கனமாகவும் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
கூடத்தில் சும்மா உட்காரவைக்கப்பட்டிருக்கும்
தங்கள் வீட்டு மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில், என் பென்ஷன் உயர்ந்திருப்பதாகத் தகவல் வந்தது. கையோடு போய், முதுகைப் பிடித்துவிடும் நாற்காலி ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். மாடிக்குத் தூக்கிவர இரண்டு பேர், பொருத்தித்தர ஒருவர். நீங்கள் புறப்பட வேண்டாம். உங்கள் தங்கை போனில் கேட்டால் மட்டும், நாற்காலி நீங்கள் வாங்கி அனுப்பியது என்று சொல்லிவிடுங்கள்.