பதினெட்டு மில்லிமீட்டர் ஸ்தோத்திரம்

புதிதாக ஒரு பாடம் படிக்க ஆரம்பித்தவர்களை முதல் வருஷம் வெளியே விடவே கூடாது. எதைப் பார்த்தாலும் அதுவாகவே தெரியும். தொண்ணூறுகளில் கோவையில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் நான் வரலாறு படித்தேன், புவியியல் துணைப்பாடம். (பேருக்குத்தான் துணை. நான் குடும்பம் நடத்தியது அதோடுதான்.)

புவியியல் மாணவர்கள் ஜூனில் வால்பாறைக்குக் கள ஆய்வுக்குப் போவார்கள். எங்கள் துணைப்பாடக் கூட்டத்தில் ஒரே ஒருவருக்கு வேனில் இடம். அதற்காகப் புவியியல் பேராசிரியை எஸ்தர் மேடம் முன்னால் நான் ஆடாத ஆட்டம் இல்லை. தினமும் காலையில் வளாகத்து மழைமானியைப் பார்த்து, சேப்பல் வாசல் கரும்பலகையில் அளவு எழுதும் வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சொட்டு மழையில்லாத கோடை அது. உள்ளே மழைக்காக ஜெபம் நடக்கும். வெளியே நான் ‘மழை இல்லை’ என்று எழுதுவேன். கடவுளுக்கே எதிர்க்கட்சி மாதிரி.

ஒருநாள் அவிநாசியிலிருந்து பஸ்ஸில் வந்து மழைமானியைத் திறந்தால், தண்ணீர்! பதினெட்டு மில்லிமீட்டர்! சுற்றிலும் தரை ஈரம். வழியெல்லாம் புழுதிதான், காந்திபுரத்தில் தூறல்கூட இல்லை. வேறு யாராவது என்றால் யோசித்திருப்பார்கள். நான் படித்தவளாயிற்றே! வெப்பச்சலன மழை ஒரு தெருவில் கொட்டும், அடுத்த தெருவை எட்டிப் பார்க்காது என்று முந்தின வாரம்தான் நோட்ஸ் எடுத்திருந்தேன்.

சேப்பலுக்குள் ஓடிப்போய்ப் போதகர் காதில் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது.

“நம்ம வளாகத்துக்கு ஆண்டவர் மழை தந்திருக்கார்!”

விடுதிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். (தூங்கிவிட்டோமோ?) எல்லோரும் எழுந்து நன்றிப் பாட்டுப் பாடினோம். என் குரல்தான் பெரிசு.

பாட்டு முடியும் நேரம் தோட்டக்கார ரங்கண்ணன் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, என்னங்க விசேசம்?”

“மழை பேஞ்சிருக்குதுங்கண்ணா!” என்றேன்.

“மழைங்களா? எங்கீங்க? நாந்தானுங்க வெடியால ரோசாச் செடிக்கு ஓஸ் புடிச்சேன். அந்த டப்பா ஒரே தூசியா இருந்துச்சு, அதுமேலயும் ரெண்டு அடி அடிச்சுப்போட்டனுங்க.”

சிரிப்பில் சேப்பல் அதிர்ந்தது. எஸ்தர் மேடம் மட்டும் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார். அது ஜெபம் இல்லை என்று எனக்குத் தெரியும். வால்பாறை போயே போச்சு.

போதகரிடம் போய், “மன்னிச்சிருங்கய்யா” என்று அழுதேன்.

“சொன்ன நன்றியைத் திருப்பியா வாங்க முடியும்? அட்வான்ஸா இருக்கட்டும்மா,” என்றார் அவர்.

வாசலில் மேடம் பிடித்துக்கொண்டார். “பஸ்ல வர்றப்ப ரோட்டைப் பாத்தியா?”

“பாத்தனுங்க மேடம். புழுதிங்க.”

“அப்புறம்?”

“வெப்பச்சலனம்னு நெனச்சுட்டனுங்க.”

மேடம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. “வால்பாறைக்கு நீயே வா அம்மணி. மழைன்னா எப்படி இருக்கும்னு உனக்கு ஒருதரம் காட்டிப்போடணும்.”

காட்டினார். குடையை விரிக்காமல், பல் கிடுகிடுக்க நனைந்தேன். திரும்பியதும் புவியியலையே முதன்மைப் பாடமாக எடுத்தேன். இன்று பள்ளியில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். வெப்பச்சலனம் வந்தால் மட்டும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஊருக்குப் போனால் அப்பா விடமாட்டார். ஓஸைக் கையில் எடுத்ததுமே குரல் கொடுப்பார்: “அம்மணி, மழை வருது பாரு. ஸ்தோத்திரம் சொல்லிப்போடு!”

நானும் சொல்லிவிடுவேன். அந்தப் பதினெட்டு மில்லிமீட்டர் மழை எனக்குப் பெய்த அளவுக்கு வேறெந்த மழையும் பெய்ததில்லை.