பெண் பார்க்கப் போன குர்குமின்

ஆராய்ச்சி மாணவனுக்குத் தலைக்கனம் வரப் பெரிய பரிசெல்லாம் தேவையில்லை. ஒரு வெள்ளைக் கோட்டும், கண்ணாடித் தட்டில் செத்துக் கிடக்கும் கொஞ்சம் செல்களும் போதும்.

எனக்கு இரண்டும் இருந்தன. மஞ்சளிலிருந்து பிரித்த குர்குமினைப் புற்றுச் செல்கள் மேல் விட்டால், அவை தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும். (தட்டில்தான். ஆளுக்குள் என்ன நடக்கும் என்பதைப் பற்றி அப்போது நான் வாயே திறப்பதில்லை.) அந்தப் பெருமையில், ஸ்ரீரங்கத்தில் பெண் பார்க்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மன்னார்புரத்து ஆய்வகத்துக்குப் போனேன். நான் லீவு போட்டால் புற்றுநோய் ஜெயித்துவிடுமே.

பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு யாரையும் பிடிக்கவில்லை. இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் ஜாதகக் கட்டைத் தொடவே மாட்டேன் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

கிளம்பும் அவசரத்தில் குர்குமின் கரைசல் கை தவறிக் கொட்டி, முகம், கழுத்து, கை எல்லாம் மஞ்சள். துடைக்கத் துடைக்கப் பரவியது. சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் தாண்டும்வரை பக்கத்தில் யாரும் உட்காரவில்லை (காமாலை என்று நினைத்திருப்பார்கள், புண்ணியவான்கள்).

பெண் வீட்டில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த அம்மா தலையில் கை வைத்தாள். பெண்ணின் அத்தை நிதானமாகக் கேட்டார்.

"ஏங்க, தம்பிக்கு வேற எடத்துல நலங்கு வெச்சுட்டாங்களா?"

"ஆராய்ச்சிங்க. கழுவினா போயிடும்" என்று பாத்ரூமுக்குள் ஓடினேன். வாசனை சோப்பு எதற்கு ஆகும் என்று துணி சோப்பை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். கண்ணாடியில் பார்த்தால் முகம் செக்கச் சிவந்திருந்தது. தண்ணீரை எவ்வளவு ஊற்றியும் முழுசாகப் போகவில்லை.

கூடத்துக்கு வந்ததும் பெண்ணின் அப்பா பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தார். அத்தைதான் பேசினார். "ஆரத்தி நாம கரைக்க வேண்டாம். மாப்பிள்ளையே கரைஞ்சு வந்துட்டார்."

மானத்தைக் காப்பாற்றச் சொற்பொழிவை ஆரம்பித்தேன். குர்குமின் செல்லுக்குள் நுழைகிறது, அழற்சியை அடக்குகிறது, கெட்ட செல்லைப் பார்த்துச் செத்துப்போ என்கிறது, அதுவும் மரியாதையாகச் செத்துப்போகிறது. அந்த முகத்தோடு ஒருவன் பேசும்போது யார் குறுக்கிடுவார்கள்?

மைதிலி குறுக்கிட்டாள். மைதிலிதான் பெண். ஸ்கூலில் சயின்ஸ் டீச்சர்.

"மஞ்சள்ல சோப்பு பட்டா சிவக்கும்னு சின்னப் பசங்களுக்கே சொல்லித் தரோம். உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும். ஞாபகம் வரல."

"சரி, தட்டுல சாகுற செல்லு, நாம சாம்பார்ல மஞ்சள் போட்டுச் சாப்பிட்டா உடம்புலயும் சாகுமா?"

ஆமாம்னு சொல்லித் தொலையேன்டா என்பதுபோல் அம்மா பார்த்தாள். எனக்கும் அதுதான் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் மைதிலியின் கண்களைப் பார்த்துக்கொண்டு புளுக முடியவில்லை.

"தெரியாதுங்க. சாப்பிடறதுல ரொம்பக் கொஞ்சம்தான் ரத்தத்துல சேருது. நோய் வராம தடுக்க உதவலாம்னு ஒரு நம்பிக்கை. அவ்வளவுதான்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மைதிலி உள்ளே போய் அரை எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். "இதைத் தேய்ங்க. மறுபடி மஞ்சளாவது ஆகும்."

ஆயிற்று. மறுநாள் சம்மதமும் வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு காரணம் கேட்டேன். "பொண்ணு பார்க்க வந்தவங்க எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு. தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்றாள். நான் நெகிழ்ந்துபோனேன். "அது உங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுது, அது வேற விஷயம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

இன்றும் வீட்டுக்கு விருந்தாளி வரும் நேரத்தில் நான் முகம் கழுவப் போனால், சமையலறையிலிருந்து அவள் குரல் வரும்.

"எலுமிச்சம்பழம் நறுக்கி வைக்கட்டுங்களா?"