மீசை முளைக்காத எலிக்குட்டிகள்

ஒரு காட்டில் தோசை ஒட்டாத தோசைக்கல் செய்யும் தொழிற்சாலை இருந்தது. கரடியார்தான் முதலாளி. அவர் கல்லில் மாவை ஊற்றினால் போதும், தோசை தானாக வழுக்கிவந்து தட்டில் உட்காரும். ஆனால் கல்லுக்குப் பூசுகிற வழுக்கு மருந்து இருக்கிறதே, அது கரையாது, மக்காது, போன இடத்திலேயே தங்கிவிடும். மிச்சமானதை ஓடையில் ஊற்றினார்கள்.

"பிறக்கப்போகிற குட்டிகளுக்கு இதனால் கேடு வருமா?" என்று காடு கேட்டது. நரி டாக்டர் சோதனைக்கூடம் திறந்து, பிள்ளைத்தாச்சி எலிகளை இரண்டு கூண்டுகளில் வைத்தார். ஒரு கூண்டுக்கு மருந்து கலந்த ஓடைத் தண்ணீர். மற்றதற்கு வெறும் ஓடைத் தண்ணீர்.

மரிக்கொழுந்து என்ற எலிக்கு அது தலைப்பிரசவம். டாக்டரின் காலைப் பிடித்து வெறும் தண்ணீர்க் கூண்டில் இடம் வாங்கினாள். அப்புறமும் மனசு ஆறவில்லை.

"டாக்டரையா, இது சுத்தம்தானே? என்னமோ வழுவழுன்னு இருக்கே?"

"துணியில வடிகட்டியிருக்கேம்மா. பேசாம குடி."

குட்டிகள் பிறந்தன. ஒன்றுக்கும் மீசை முளைக்கவில்லை. மீசை இல்லாமல் எலிக்கு இருட்டு வளையில் வழி எப்படித் தெரியும்? சுவரில் போய் முட்டின. முட்டிவிட்டுச் சுவரிடமே மன்னிப்புக் கேட்டன. மரிக்கொழுந்து அழுதுகொண்டே பக்கத்துக் கூண்டை எட்டிப் பார்த்தாள். அங்கேயும் மீசை இல்லை.

நரி துள்ளிக் குதித்தார். "ரெண்டு கூண்டும் ஒரே மாதிரி! மருந்தால ஒரு கேடும் இல்லை!" கரடியார் எல்லோருக்கும் தோசை வழங்கினார்.

"ஐயா, ரெண்டு கூண்டுக்கும் அதே ஓடைத் தண்ணிதானே?" என்று கேட்டாள் மரிக்கொழுந்து.

"பின்னே? ஆளுக்கொரு தண்ணி குடுத்தா ஓரவஞ்சனை ஆகாதாம்மா?"

அப்போது பிள்ளை பார்க்க அவள் அக்கா செண்பகம் வந்தாள். தொழிற்சாலைக்கு மேலே, மலைச்சுனை ஓரத்தில் குடியிருப்பவள். கூட வந்த அவள் குட்டிகளுக்கு ஆளுக்கொரு முறுக்கு மீசை.

நரி அலறினார். "ஐயையோ, முகமெல்லாம் என்ன இது? பிடிங்க! ரெண்டு வேளை ஓடைத் தண்ணி குடுங்க, உதிர்ந்துடும்!"

"உன் தண்ணியில இடி விழ! வாடி மரிக்கொழுந்து!" என்று செண்பகம் மலையைப் பார்த்து ஓட்டம் பிடித்தாள். மரிக்கொழுந்து தன் குட்டிகளை ஒன்றன் வாலை ஒன்று கவ்வச் சொல்லி இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். அவை வழியிலிருந்த மரங்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டபடியே மலையேறின.

காடு கற்றுக்கொண்ட நீதி: கேட்டை எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைத்துவிட்டால் அது கேடே இல்லை. மீசை உள்ளவர்கள் மட்டும் வைத்தியம் பார்த்துக்கொள்ளவும்.