ரசமட்டம் சொன்ன ஒரே பொய்

இந்த ஒலகத்துல நேரா கீற பொருளு ஒண்ணுகூட கெடையாதுன்னு கண்டுபுடிச்ச ஒரே மனுசன் எங்க ரசமட்டம்தான். கொரட்டூரு ஏரித்தண்ணி மட்டும் நேருன்னு ஒத்துக்குவாரு. அதுவும் காத்தடிச்சா சந்தேகம் வந்துரும்.

நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதிகினு கீறா. எனக்கு எழுத்து வராது. எங்கியாச்சும் அழகா இருந்திச்சின்னா அது அவ நொழச்சது, கண்டுக்காதீங்க.

ரசமட்டத்தோட பேரு இன்னான்னு கேக்காதீங்க. தெரியாது. கொத்தனாருங்க செவுத்து மேல வச்சி பாப்பாங்களே, சின்னக் கட்டை, நடுவுல கண்ணாடிக் குழாயி, உள்ள தண்ணி, தண்ணியில ஒரு குமிழி. குமிழி நடுவுல நின்னா நேரு, ஓரமா ஓடுனா கோணல். அதுக்கு பேருதான் ரசமட்டம். மத்த ஆம்பளைங்க சட்டப்பையில பீடிக்கட்டு வெப்பாங்க. இவுரு அத வெப்பாரு. பேரும் அதுவே ஆயிடுச்சி. அவுருக்கு ஒரு கடுதாசி வந்து நான் பாத்ததில்ல. வந்திருந்தா தபால்காரர கேட்டாவது நெசப் பேரு தெரிஞ்சிகினு இருக்கலாம்.

அம்பத்தூருல கம்பெனிங்க எஸ்டேட்டு புதுசா வந்த சமயம் அது. கொரட்டூருல ஆறு ஊடு ஒரே வரிசை, ஆறுக்கும் ஒரே கெணறு. மொத ஊட்டுல நான், எங்க ஊட்டுக்காரரு, மாமியாரு, நாத்தனா சரோஜா. கடைசி ஊட்டுல ரசமட்டம், ஒண்டிக்கட்ட. எங்க ஊட்டுக்காரரும் அவுரும் ஒரே பட்டறையில லேத்து ஓட்டுனாங்க. அங்கயும் அவுருக்கு அதே பேருதானாம்.

நான் கல்யாணமாயி வந்து மொத நாளு வாசல்ல கோலம் போட்டுகினு கீறேன். பின்னாலர்ந்து ஒரு கொரலு.

"தங்கச்சி, எடது பக்கம் ரெண்டு நூலு ஓடிகீது."

ஒரு அங்குலத்துக்கு எட்டு நூலாம். அவுரு வாயில அங்குலமே வராது, எல்லாம் நூலுதான். நான் புதுப்பொண்ணு, உள்ள ஓடி அழுதேன். மாமியாரு சிரிச்சாங்க. "அதுக்கா அழுவுற? என் வகிடே கோணல்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவன்டி அவன். அன்னிலர்ந்து நான் வகிடே எடுக்கறதில்ல."

டேசனாண்ட டீக்கடையில கேக்கவே வேணாம்.

"பெஞ்சி மூணு நூலு சாஞ்சிகீது."

"சாயட்டும்யா. குந்துறவன் சாயல இல்ல?"

"சாஞ்சிதான் குந்துறான். அதான் உன் டீ அவனுக்கு டீ மாதிரி தெரியுது."

ஒரு தபா சாமி ஊர்வலத்தையே நிறுத்திட்டாரு. சாமி ஒரு நூலு சாஞ்சிகீதாம். தூக்கிகினு வந்தவங்க சொல்றாங்க, "யோவ், சாமி நேருதான், என் தோளுதான் கோணல்!" "அப்ப தோள மாத்து"ன்னாரு. மாத்துனாங்க. அப்புறம்தான் நடு ரோட்ட உட்டாரு.

இப்போ ஸ்கிரீனு விசயத்துக்கு வரேன். அப்போல்லாம் ஸ்கிரீன் துணி மாட்டறதுன்னா ஸ்பிரிங்குதான். ரெண்டு பக்கமும் ரெண்டு கொக்கி அடிச்சி, நடுவுல ஸ்பிரிங்க இழுத்து மாட்டணும். ஒரு கொக்கி ரவ மேல ஏறிட்டா துணி ஒரு பக்கம் தூக்கிக்கும், தூக்கிக் கட்டுன பாவாட மாதிரி.

எங்க ஹவுஸ் ஓனரம்மா ஜன்னலுக்கு ரசமட்டம்தான் மாட்டிக் குடுத்தாரு. குமிழி அசையாம நடுவுல நிக்கிது. ஆனா தூர நின்னு பாத்தா ஸ்கிரீனு தெருக்கோடிக்கு சாயுது.

"இன்னாயா, கோணலா அடிச்சிட்ட?"

"ஸ்கிரீனு நேருதாம்மா. ஜன்னலு கோணல்."

"என் ஜன்னலா?"

"ஜன்னலு பாவம் இன்னா பண்ணும்? செவுரு கோணல்."

"என் செவுரா?"

"செவுத்த குத்தம் சொல்லக்கூடாது. அஸ்திவாரம் போடசொல்லவே..."

அஸ்திவாரம்னதும் ஓனரம்மா தொடப்பக்கட்டைய எடுத்துட்டாங்க. மனுசன் மூணு நாளு கெணத்து மேடையில மொகவாயில கை வச்சிகினு குந்திகினு இருந்தாரு. "தண்ணிக்கி நேரா கீறது கண்ணுக்கு நேரா இல்லியே தங்கச்சி"ன்னாரு. ஏதோ சாவு உழுந்த மாதிரி சொன்னாரு.

எங்க சரோஜாவுக்கு சின்ன வயசுல ஜொரம் வந்து எடது காலு ரவ சின்னதாயிடுச்சி. நிக்கசொல்ல குதிகாலு தரையில படாது. ஊரே சாஞ்சிகீதுன்னு சொல்ற ரசமட்டம், அத பத்தி மட்டும் ஒரு நாளும் வாயத் தொறந்ததில்ல. கண்ணுலயே படலன்னு நெனச்சிகினு இருந்தேன்.

சரோஜாவ மூணு தபா பொண்ணு பாக்க வந்தாங்க. முன்னால கூடம், பின்னால சமயக்கட்டு, நடுவுல ஒரு வாசப்படி, அதுல ஸ்கிரீனு. பொண்ணு உள்பக்கம் நிப்பா, கூப்ட்டாதான் வரணும். எங்க ஊட்டுக்காரரு கண்ணாலயே அளந்து கொக்கி அடிச்சவரு. மூணு தபா புடுங்கி அடிச்சாரு, மூணு தபாவும் ஒரு பக்கம் தூக்கிகிச்சி. வந்தவங்க பாய்ல குந்திகினு இருந்தா ஸ்கிரீனுக்கு கீழ சரியா அந்த காலு தெரியும். அவ்ளோதான். காபிய கீழ வச்சிட்டு, "சொல்லி அனுப்புறோம்"னு கெளம்பிருவாங்க. பொண்ண கூப்புடவே மாட்டாங்க.

மூணாவது தபா அப்டி பூட்டதுக்கு மறுநாளு, கெணத்தாண்ட துணி அலசிகினே சரோஜா சொன்னா. "அண்ணி, வேணாம்னு சொல்லட்டும். நான் அழல. ஆனா என் மூஞ்சிய பாத்துட்டு சொல்லட்டும். மூணு கும்பலு வந்து பூட்டுது, என் மூஞ்சிய ஒருத்தரும் பாக்கல."

எதிர்ல ரசமட்டம் தண்ணி எறச்சிகினு இருந்தாரு. கயிறு அப்டியே நின்னுச்சி. அர வாளி தண்ணியோட ஊட்டுக்கு பூட்டாரு.

அந்த ஞாயித்துக்கெழம உள்ளங்கை அகலத்துல ஒரு ஒட்டுப்பலகையோட வந்தாரு. பலகையோட ரெண்டு ஓரத்துல சட்டம் அடிச்சிகீது, ஒரு மூலைக்கிட்ட ஒரு ஓட்ட. மேல பென்சிலால ஏதோ கிறுக்கிகீது.

"இது இன்னாண்ணே?"

"ஜட்ஜு."

"ஜட்ஜா?"

"ஆமா தங்கச்சி. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா கேட்டு ஒரே தீர்ப்பு சொல்லும்."

அந்த சட்டத்த வாசக்கால் மூலையில ஒக்கார வச்சாரு. கச்சிதமா கவ்விகிச்சி. ஓட்டையில பென்சில உட்டு ஒரு புள்ளி. அப்புறம் பலகைய அப்டியே பொரட்டி எதிர் மூலையில வச்சி இன்னொரு புள்ளி. ரெண்டு புள்ளியிலயும் கொக்கி. முடிஞ்சிது. ரசமட்டம் வேணாம், டேப்பு வேணாம், கண்ணளவும் வேணாம். ஸ்பிரிங்க ஒரு சாண் கொறச்சி வெட்டி இழுத்து மாட்டுனாரு, நடுவுல தொப்ப உழக்கூடாதாம். பச்சையில மஞ்சப்பூ போட்ட துணி. கீழ தரைய தொட்டும் தொடாம ஒரே கோடா நின்னுச்சி. ஏரிக்காத்து வந்தா அழகா உப்பி, திரும்ப அதே எடத்துல வந்து நிக்கும். இன்னிக்கி நெனச்சாலும் அந்தக் காத்து மேல படுது.

நாலாவது கும்பலு பட்டாபிராம்லர்ந்து. மாப்ள கட்டட மேஸ்திரி. முன்னாடி நாளே மாமியாரு ரசமட்டத்த கூப்ட்டு எச்சரிச்சாங்க. "டேய், நாளைக்கி நீ வெளிய தலைய காட்டக்கூடாது. வந்து மாப்ள மீச கோணல்னு சொல்லித் தொலைப்ப."

"சரிக்கா. கூப்ட்டா ஒழிய வரமாட்டேன்."

வந்தாங்க. மாப்ள, அவுங்கம்மா, ஒரு மாமா. பாய்ல குந்துனாங்க. எங்க மாமியாரு கைப்பக்குவத்துக்கு பேரு போனது ரசவடை. அதத்தான் வச்சோம். மாப்ள வடைய வாயில போட்டுகினே வாசப்படிய பாத்தாரு. மேல பாத்தாரு, கீழ பாத்தாரு, இந்தாண்ட அந்தாண்ட பாத்தாரு. கண்ண எடுக்கல. அம்மா பக்கம் சாஞ்சி மெதுவா சொன்னாரு.

"ரசமட்டம்மா!"

ரசமட்டம் வச்சி அடிச்ச ஸ்கிரீனாட்டம் கீதும்மான்னு தொழிலு தெரிஞ்சவரு மெச்சிகினாரு. உள்ள எங்க மாமியாருக்கு அது எப்டி கேட்டுதுன்னு நான் சொல்லவா வேணும்? தெனைக்கும் பத்து தபா அதே பேர கூப்புடுற பொம்பள. ஆனா அன்னிக்கி மனசு பூரா ரசத்துலதானே கீது! கரண்டியோட வந்துட்டாங்க வெளிய.

"இன்னாது? ரசம் மட்டமா? யாரப் பாத்து ரசம் மட்டம்னு சொன்ன? அம்பத்தூரு வரிக்கும் கேட்டுப் பாருய்யா, யாராச்சும் என் ரசம் மட்டம்னு சொல்லட்டும், இந்தக் கரண்டிய கீழ வச்சிடுறேன்!"

மாப்ளைக்கு வடை தொண்டையில நிக்கிது. "ஐயோ... ஸ்கிரீன... ஸ்கிரீன சொன்னேம்மா!"

அதுக்குள்ள கடைசி ஊட்டுலர்ந்து தபதபன்னு ஓடியாற சத்தம். மூணு தபா பேரு காதுல உழுந்தா மனுசன் இன்னா பண்ணுவாரு? லுங்கிய மடிச்சிக் கட்டிகினு வாசல்ல வந்து நின்னாரு ரசமட்டம்.

"கூப்டியாக்கா?"

அப்புறம் ஸ்கிரீனுக்கு பின்னாலர்ந்து ஒரு சிரிப்பு வந்துது பாருங்க! சரோஜா சிரிப்பு பொண்ணு பாக்கற ஊட்டுல சிரிக்கிற சிரிப்பே இல்ல, மூக்கால வரும். ஸ்கிரீனே குலுங்கிச்சி. அடக்கமுடியாம துணிய ஒதுக்கிகினு வெளியவே வந்துட்டா, யாரும் கூப்புடாமலே. கண்ணுல தண்ணி, மூஞ்சி பூரா சிரிப்பு. மாப்ள மொதல்ல பாத்தது அந்த மூஞ்சியதான். அவருக்கும் சிரிப்பு வந்துருச்சி.

காபி தட்ட எடுத்துகினு நாலு அடி நடந்தா. மாப்ளையோட அம்மா கேட்டாங்க.

"பொண்ணு ஒரு பக்கமா சாயுதே?"

சிரிப்பெல்லாம் பூட்டுது. எல்லாரும் ரசமட்டத்த பாத்தோம். சாமிக்கே பயப்படாத வாயி அது. எங்க ஊட்டுக்காரரு கண்ணாலயே கெஞ்சுறாரு, ஒண்ணும் சொல்லிடாதண்ணேன்னு. ரசமட்டம் பையிலர்ந்து கட்டைய எடுத்தாரு. முட்டி போட்டு தரையில வச்சாரு.

"பொண்ணு இல்லம்மா. தரைதான் சாஞ்சிகீது. எட்டு நூலு."

எட்டு நூலு. ஒரு அங்குலம். சரோஜா காலு சரியா அவ்ளோதான் கொற. எப்பவோ கண்ணால அளந்துட்டு இத்தினி வருசமா வாயத் தொறக்காம இருந்துகீறாரு. எனக்கு அப்பதான் ஒறச்சிது.

மாப்ள எட்டிப் பாத்தாரு. "அண்ணாத்தே, குமிழி நடுவுல நிக்கிதே?"

ரசமட்டம் கட்டைய உள்ளங்கையால மூடிகினாரு. காதெல்லாம் செவந்துருச்சி. "அது... பழைய கட்டைப்பா."

பொய் சொல்லத் தெரியாதவன் சொல்ற பொய்யப் பாக்கறத விட பேஜாரு வேற கெடையாது. சரோஜாதான் தட்ட கீழ வச்சிட்டு சொன்னா. "தரை சரியாத்தான் கீது. என் காலுதான். சின்ன வயசுல ஜொரம் வந்து ஆயிடுச்சி."

"தெரிஞ்சிது"ன்னாரு மாப்ள. "தெனமும் செவுரு பாக்கறவன், எனக்கு தெரியாதா?" கொஞ்ச நேரம் ரசமட்டத்தோட கையவே பாத்துகினு இருந்தாரு. அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, "யம்மா, இன்னும் ரெண்டு ரசவடை கேளு. நாம மெதுவா பூடலாம்"னாரு.

அந்தம்மா புள்ளைய ஒரு பார்வ, சரோஜாவ ஒரு பார்வ பாத்தாங்க. தட்ட எங்க மாமியாராண்ட நீட்டுனாங்க. "ரசம் நல்லாத்தான் கீது"ன்னாங்க. எங்க மாமியாரு கரண்டிய கீழ வச்சிட்டு அழுதாங்க.

கல்யாணத்தன்னிக்கி பந்தல்ல கட்டுன வாழமரம் ஒண்ணு நல்லாவே சாஞ்சிகினு இருந்துது. ரசமட்டம் அதப் பாத்தாரு, வேத்துச்சி, மூஞ்சிய திருப்பிகினாரு. ஒரு வார்த்த சொல்லல. சாப்ட்டு கெளம்பசொல்ல ஜட்ஜ என் கையில குடுத்தாரு. "நீ வச்சிக்க தங்கச்சி. சரோஜா ஊட்ல மேஸ்திரியே கீறான்."

ரெண்டு மூணு வருசத்துல பட்டறைய மூடிட்டாங்க. வேற எங்கியோ வேலன்னு ஒரு டிரங்கு பொட்டியோட கெளம்புனாரு. நான் அப்போ புள்ள பெத்துக்க அம்மா ஊட்டுக்கு பூட்டேன். வந்து பாத்தா கடைசி ஊட்ல வேற யாரோ. எங்க பூட்டாருன்னு தேடலாம்னா இன்னா பேர சொல்லித் தேடறது? பட்டாபிராம்லர்ந்து வரசொல்லல்லாம் சரோஜா மொதல்ல அந்த கடைசி ஊட்டதான் பாப்பா.

அந்த ஆறு ஊடும் இப்போ இல்ல. எங்க ஊட்டுக்காரரும் இல்ல. ஜட்ஜு மட்டும் கீது, என் கட்டிலாண்ட ஆணியில தொங்குது. அதுல பென்சிலால எழுதுனது இன்னும் அழியல. அதுதான் அவுரு பேருன்னு அம்பது வருசமா நெனச்சிகினு இருந்தேன். தெனமும் வெளக்கேத்தசொல்ல ஒரு தபா தொட்டுப் பாப்பேன். யாரையும் படிக்கச் சொல்லல. பேரு தெரிஞ்சிட்டா, செத்துட்டாருன்னும் யாராச்சும் வந்து சொல்லிருவாங்களோன்னு ஒரு பயம்.

போன மாசம் பேத்தி புது ஊட்டுக்கு ஸ்கிரீனு மாட்ட அத எடுத்தா. நான் மறிக்கறதுக்குள்ள படிச்சிட்டா.

"ஆயா, 'இந்தப் பக்கம் மேல'ன்னு எழுதிகீது."

சிரிச்சேன் பாருங்க, சரோஜா மாதிரி மூக்காலயே சிரிச்சேன். அப்புறம் ஆணியப் பாத்தேன். அம்பது வருசமா அத தலகீழா மாட்டி வச்சிகீறேன். ஊர உட்டு கெளம்பறதுக்குள்ள எத்தினி தபா அதப் பாத்திருப்பாரு, ஒண்ணுமே சொல்லல. வேற யாரு ஊட்லயாச்சும் இருந்திருந்தா ரசமட்டம் சும்மா உட்டிருப்பாரா?

திருப்பி மாட்டிட்டேண்ணே. வந்து ஒரு தபா பாத்துட்டு, எத்தினி நூலு கோணல்னு சொல்லிட்டு போ.