பெஞ்சுக்காக நின்ற சாமுராய்கள்

சிங்கப்பூர் செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட் வாசலுக்கும் எல்ஆர்டி ரயிலுக்குப் போகும் கூரை நடைபாதைக்கும் நடுவே ஒரு பெஞ்சு போடுவது என்பது, சம்பந்தப்பட்ட துறைகளின் ஆழ்ந்த பரிசீலனையில் மூன்று வருஷமாக இருந்துவரும் விஷயம்.

பெஞ்சு கேட்டவர் நாலாம் மாடி லாசரஸ் அங்கிள். அவர் மனைவி ஜோசபின் ஆன்ட்டிக்கு ரெண்டு முட்டியும் போச்சு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ரயிலேற வேண்டுமென்றால் வழியில் ஒருதடவை உட்கார்ந்தே ஆகணும். உட்கார இடமில்லாததால் அங்கிருக்கும் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "இவரைவிட இந்தத் தூணோடதான் நான் அதிகம் குடும்பம் நடத்துறேன்" என்பார், அங்கிளைப் பார்த்து.

சிக்கல் இதுதான். பெஞ்சின் நாலு கால்களில் ரெண்டு கால் கீழ்த்தள இருக்கைப் பிரிவின் தரையில் விழும். மற்ற ரெண்டு கூரைநடை வசதிப் பிரிவின் தரையில் விழும். முதல் பிரிவின் அதிகாரி ஃபாரூக், "அந்தப் பிரிவு முதலில் ஒப்புதல் வழங்குமாயின் எமக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதினார். இரண்டாம் பிரிவின் அதிகாரி சங்கீதா மேடமும் அதையே எழுதினார், ஒரு எழுத்துகூட மாற்றாமல். ரெண்டு கடிதமும் "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்று முடிந்தன.

"அப்ப ரெண்டு கால் பெஞ்சா போட்டுடுங்களேன்" என்று எரிச்சலில் லாசரஸ் அங்கிள் பதில் எழுதினார். அந்த யோசனை பதிவு செய்யப்பட்டது.

இந்த நிலையில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. போன வருஷம் எல்லா புளோக்கும் பிக்கிள்பால் ஆடியது. அதற்கு முந்தின வருஷம் ஜும்பா. இந்த வருஷ ஃபேஷன் நிதானம். மூத்தோரிடையே மின்னிலக்க வழியில், அதாவது டிஜிட்டலாக, நிதானத்தை வளர்க்க வேண்டுமாம். எங்கள் வசிப்போர் குழுச் செயலாளர் ஹஸீனா சளைத்தவரா? உடனே 'ஒற்றை வாள்' என்ற வீடியோ கேமைப் பிடித்து வந்தார்.

அது பழைய ஜப்பானியப் படங்களின் மேல் பைத்தியமான யாரோ செய்த விளையாட்டு. எல்லாம் கறுப்பு வெள்ளை. காற்று அடிக்கும், சருகு பறக்கும், ரெண்டு சாமுராய்கள் வாள் பிடியில் கை வைத்து முறைத்துக்கொண்டு நிற்பார்கள். பட்டனை முதலில் அமுக்குகிறவரின் சாமுராய் முதலில் அசைவான். முதலில் அசைந்தவன் செத்தான். எதிராளி ஒரே வெட்டு.

அனுமதிக்கு விண்ணப்பித்தபோது தொலைபேசியில் ஒரு அதிகாரி கேட்டாராம்.

"நிகழ்ச்சியில் வாள் இருக்கா?"

"இருக்கு சார், ஆனா டிவிக்குள்ள."

"நீளம் எவ்வளவு?"

"அது டிவியைப் பொறுத்தது சார்."

"அப்போ சின்ன டிவியா வைங்க. பாதுகாப்பு முக்கியம் லா."

ஆகவே பாதுகாப்பான சின்ன டிவி ஒன்று சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் கீழ்த்தளத்தில் வைக்கப்பட்டது. தேக்கா சந்தையிலிருந்து வடை வந்தது. ஹஸீனா ரகசியமாக ஒரு திட்டமும் போட்டிருந்தார். ஃபாரூக், சங்கீதா ரெண்டு பேரையும் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார். "ஒரே இடத்துல உட்கார வச்சா பெஞ்சு பேச்சு முடிஞ்சிடும் அங்கிள்" என்று லாசரஸிடம் சொல்லியிருந்தார். அவரும் பெஞ்சு விண்ணப்பக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார் பாவம்.

முன்வரிசை நாற்காலிகள் விருந்தினருக்கு. மற்றதிலெல்லாம் டிஷ்யூ பாக்கெட். நம்ம ஊரில் ஒரு டிஷ்யூ பாக்கெட் என்பது நிலப்பட்டாவுக்குச் சமம். வைத்தவர் வடை வாங்கப் போயிருந்தாலும் சரி, ஊருக்கே போயிருந்தாலும் சரி, இடம் அவருடையது. ஜோசபின் ஆன்ட்டி வந்து பார்த்துவிட்டு, சுவரோரமாக நின்றுகொண்டார்.

முதலில் நாங்கள் ஆடினோம். நான், ரத்னவேல், பதினோராம் மாடி, ஆறு விநாடியில் செத்தேன். ஹஸீனா நாலு. எட்டு விநாடிக்கு மேல் உயிரோடு இருந்தவர் எங்கள் புளோக்கிலேயே கிடையாது. பிறகு ஃபாரூக்கும் சங்கீதா மேடமும் காட்சி ஆட்டத்துக்கு அமர்ந்தார்கள்.

காற்று அடித்தது. சருகு பறந்தது. ரெண்டு சாமுராய்களும் நின்றார்கள்.

பத்து நிமிஷம் ஆச்சு. இருபது ஆச்சு.

"சார், பட்டன் வேலை செய்யுதில்ல?" என்று ஹஸீனா மெதுவாகக் கேட்டார்.

"செய்யுது. மேடம் முதல்ல நடவடிக்கை எடுக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை."

"சார் ஆரம்பிக்கட்டும். நாங்க முழு ஒத்துழைப்பு தருவோம்" என்றார் சங்கீதா மேடம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு மணி நேரம் போனது. வடை ஆறிப்போனது. எங்களுக்கோ புல்லரித்தது. என்ன நிதானம்! என்ன பயிற்சி! இருபது வருஷ அலுவலக அனுபவம் இல்லாமல் இது வருமா? ஆட்டம் நடக்கும்போது வேறு பேச்சு பேசக்கூடாது என்று ஹஸீனாவே லாசரஸ் அங்கிளைத் தடுத்துவிட்டார். ஜோசபின் ஆன்ட்டி மட்டும் சுவரில் சாய்ந்து ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் ஐம்பது நிமிஷம் ஆனபோது ஃபாரூக்கின் தொலைபேசி அடித்தது. மேலதிகாரி. சாமுராயைக் காக்க வைக்கலாம், மேலதிகாரியைக் காக்க வைக்க முடியுமா? அவர் கையிலிருந்த பட்டன் கருவியை நாற்காலியில் பூப்போல வைத்துவிட்டு, எழுந்து நாலடி தள்ளிப் போனார்.

ஜோசபின் ஆன்ட்டி பார்த்தார். காலி நாற்காலி. அதன்மேல் டிஷ்யூ பாக்கெட் இல்லை. கறுப்பாக என்னமோ கிடந்தது, ஆனால் அது டிஷ்யூ இல்லை. சிங்கப்பூர் வழக்கப்படி அது யாருக்கும் சொந்தமில்லாத நாற்காலி. "மாதாவே!" என்று பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்.

ஃபாரூக்கின் சாமுராய் வாளை உருவினான். சங்கீதா மேடத்தின் சாமுராய் ஒரே வெட்டு. முடிந்தது கதை.

"நான் அசையல! நான் போன்ல இருந்தேன்!" என்று ஃபாரூக் ஓடிவந்தார்.

"நீங்க அசையல சார். உங்க பிரிவு அசைஞ்சிடுச்சு" என்றார் சங்கீதா மேடம், பரிதாபப்பட்டு.

ஹஸீனா நேர்மையானவர். நடந்ததை அப்படியே அறிக்கையில் எழுதினார்: "கீழ்த்தள இருக்கைப் பிரிவு முதல் நடவடிக்கை எடுத்தது. கூரைநடை வசதிப் பிரிவு உடனடியாகச் செயல்பட்டது." விளையாட்டில் என்று எழுத மறந்துவிட்டார். அறிக்கை லாசரஸ் அங்கிளின் கோப்போடு சேர்ந்து மேலே போனது. மேலிடம் அசந்துபோய் ரெண்டு பிரிவுக்கும் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. பாராட்டு வந்த பிறகு வேலையைச் செய்யாமல் இருக்க முடியுமா? பதினோராவது நாள் பெஞ்சு வந்துவிட்டது. நாலு கால்களோடு.

லாசரஸ் அங்கிள் அழுதேவிட்டார். சனிக்கிழமை மாலை நாங்கள் எல்லாரும் கைதட்டித் திறந்துவைத்தோம். ஜோசபின் ஆன்ட்டி முதலில் உட்கார்ந்து, "கர்த்தர் பெரியவர், ஆனா இந்த பெஞ்சும் பெருசுதான்" என்றார்.

மறுநாள் ஞாயிறு. பூசைக்குக் கிளம்பி ரெண்டு பேரும் லிஃப்டிலிருந்து வெளியே வந்தார்கள். பெஞ்சில் ஆள் யாருமில்லை. நாலு டிஷ்யூ பாக்கெட் இருந்தது.

"யாரோடதுப்பா இதெல்லாம்?" என்று லாசரஸ் அங்கிள் கேட்டார்.

அங்கே நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தோம். யாரும் அசையவில்லை. நடைபாதைப் பக்கமிருந்து காற்று அடித்தது. ஒரு சருகு பறந்து வந்து பெஞ்சடியில் விழுந்தது. ஆன்ட்டி எங்களை ஒருதரம் பார்த்துவிட்டு, போய்த் தன் பழைய தூணைப் பிடித்துக்கொண்டார்.

இடமிருந்து மூணாவது, பச்சை பாக்கெட், என்னுடையதுதான். எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எனக்கு ஆட்சேபணை இல்லை. மற்றவர்கள் முதலில் எடுக்கட்டும்.