சங்கு டிரைவரின் இடது பக்கம்

சங்கு டிரைவரைப் போல நம்பிக்கையற்ற ஒரு மனிதரை இனி பிரம்மனே உட்கார்ந்து யோசித்தாலும் படைக்க முடியாது. காலையில் சூரியன் உதித்தால் அண்ணாந்து பார்த்து, "இன்னிக்கு வந்துடுச்சு" என்பார். நாளைக்கு வருமா என்பது பற்றி அவரிடம் எந்த உத்தரவாதமும் கிடைக்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் கீழேயிருந்து பஸ்ஸில் வருவார். மற்ற நாட்களில் நானும் நர்ஸ் சரோஜாக்காவும் ஒரு பழைய ஜீப்பும்தான் ஆஸ்பத்திரி. எங்களால் ஆகாத நோயாளிகளை அந்த ஜீப்பில் ஏற்றி மலையை விட்டு இறக்குவது சங்குவின் வேலை. அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எதைப் பற்றிப் பேசினாலும் "சங்குதான்" என்று முடிப்பார் என்பதால் மலை முழுக்க அதுவே பெயராகிவிட்டது.

மலைப்பாதையில் வளைவுக்கு ஒரு சாவு வைத்திருந்தார். இங்கேதான் புளி லாரி கவிழ்ந்தது என்பார். "மூட்டைங்களுக்கு ஒண்ணும் ஆவல, ஆளுங்கதான் போய்ட்டாங்க" என்று புளியின் சார்பில் ஆறுதலும் சொல்வார். ஒரு முறை ஜீப்பிலேயே பிரசவம் ஆகி, ஆண் குழந்தை என்று சரோஜாக்கா சந்தோஷமாகச் சொன்னபோது, சங்கு திரும்பிப் பார்க்காமல் பெருமூச்சு விட்டார். "பொறந்துட்டானா? பாவம். இனிமே எல்லாத்தியும் பாக்கணும்."

வேலூரிலிருந்து மாதம் ஒரு முறை வரும் எங்கள் மேனேஜர் ஒரே ஒரு தடவை அவர் பக்கத்தில் உட்கார்ந்து மலையேறியிருக்கிறார். நடுவழியில் ஒரு வளைவில் சங்கு மிகவும் அக்கறையாக, "சாருக்குப் பசங்க எத்தினி பேரு?" என்று விசாரித்தாராம். அதற்கப்புறம் மேனேஜர் பஸ்ஸில்தான் வந்து போனார். நோயாளிகளும் பின்னால் நெருக்கியடித்து உட்காருவார்களே தவிர, அந்த முன் சீட் எப்போதும் காலியாகத்தான் இருக்குமாம். இதெல்லாம் நான் வருவதற்கு முந்தைய கதை, சரோஜாக்கா சொன்னது.

நான் வந்த காலத்தில் நிலைமை தலைகீழ். முதல் நாள், பின்னால் ஏறப் போனவனைச் சங்கு முன்னால் வரச் சொன்னார். உட்கார்ந்தேன். காலால் கிளச்சை மிதித்துக்கொண்டு, "ஒண்ணு போடு" என்றார். எதை என்று கேட்டேன். "கியரத்தான். பின்ன தாளமா?" என்றார்.

விஷயம் இதுதான். முந்தைய மழைக்காலத்தில், சேற்றில் நின்ற ஜீப்பின் சக்கரத்துக்குக் கல் வைக்கப் போனார். வண்டி பின்னால் சரிந்து இடது தோளை நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரி டிரைவர், ஆஸ்பத்திரிக்குப் போனால் மேனேஜருக்குத் தெரிந்துவிடும் என்று நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டார். எலும்பு சேர்ந்தது, கை வரவில்லை. மடியில் கிடக்குமே தவிர, கியர் கம்பியைத் தள்ள அதற்கு வலு கிடையாது. தெரிந்தால் வேலை போய்விடும். வேறு வேலையும் தெரியாது, வீட்டில் ஆளும் கிடையாது. மனைவி இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. அதனால் ஸ்டியரிங்கும் கிளச்சும் அவர் பொறுப்பு, கியர் பக்கத்தில் இருப்பவர் பொறுப்பு என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் வரும் நாளில் இடது கையைப் பேண்ட் பாக்கெட்டில் செருகிக்கொண்டு நிற்பார். மரியாதை தெரியாத ஆள் என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார். அது சங்குவுக்கு வசதியாகப் போயிற்று.

இதனால் மலைக்கே ஒரு கல்வி வந்தது. சாமை மூட்டையோடு ஏறிய பெரியவர், "ரெண்டு" என்ற குரல் கேட்டதும் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு அலட்சியமாக இரண்டாவது கியரைப் போடுவார். காய்ச்சலில் அனத்திக்கொண்டே மூன்றாவது கியர் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வண்டி ஓட்டத் தெரியாது, கியர் மட்டும் போடத் தெரியும் என்கிற ஜனங்கள் உலகத்திலேயே ஜவ்வாது மலையில்தான் இருந்தார்கள். முன் சீட் ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. உட்கார்ந்தவர்கள் வளைவுக்கு வளைவு சாவுக் கதையைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். வேறு வழியில்லை.

அப்படி இருக்கையில், வெளிநாட்டுத் தர்மவான்கள் யாரோ எங்களுக்குப் பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று தருவதாக மேனேஜர் சேதி கொண்டுவந்தார். கியர் வண்டி வேண்டுமா, தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்களாம். கீழே எங்களுடைய இன்னொரு ஆஸ்பத்திரியில் ஆட்டோமேட்டிக் ஒன்று இருக்கிறது, அதை ஒரு நாள் அனுப்புகிறேன், டிரைவரே ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டும் என்றார்.

சரோஜாக்கா அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தாள். இடது கைக்கு வேலையே இல்லாத வண்டி ஒன்று இந்தப் பூமியில் இருக்கிறது, அது சங்குவைத் தேடி மலையேறி வருகிறது என்றால் தெய்வச் செயல்தானே. வண்டி வந்தது. கப்பல் போல இருந்தது. இன்றைக்கு யாரும் வேண்டாம், ராஜா மாதிரி தனியாகப் போய் வாருங்கள் என்று நாங்களே அவரை ஏற்றிவிட்டோம். காவலூர் வரை போய்த் திரும்பினார். வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். எப்படி என்று கேட்டதற்கு, "நல்ல வண்டி" என்றார். அவர் வாயிலிருந்து ஒன்றை நல்லது என்று கேட்டது அதுதான் முதல் தடவை. எங்களுக்குப் பயமாகிவிட்டது.

மேனேஜர் வந்து கேட்டபோது, கியர் வண்டிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் அவ்வளவாகப் பிடித்து நிற்காது, பேட்டரி போனால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது, நடுக்காட்டில் நோயாளியோடு நின்றால் சங்குதான் என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர் பஸ் ஏறியதும் சரோஜாக்கா பிடித்துக்கொண்டாள். "இன்னா டிரைவரே, புத்தி கெட்டுப் போச்சா? தானா வந்த பொழப்ப எட்டி ஒதைக்கிறியே."

சங்கு தரையைப் பார்த்தபடியே சொன்னார். "இந்தக் கை போறதுக்கு மின்ன எம் பக்கத்துல எவன் குந்தினான் சிஸ்டரு? கியர் போடணும்னுதான குந்துறீங்க. அந்த வண்டிக்கு ஆளே வேணாம். காவலூரு வரிக்கும் போய்ட்டு வந்தேன். பேசறதுக்கு ஒரு ஆளு இல்ல. வூட்டுலயும் அதே, வண்டிலயும் அதேன்னா இன்னாத்துக்கு ஓட்டணும்?"

சரோஜாக்கா உள்ளே போய் அவருக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள்.

கியர் வண்டி வந்து சேர்ந்தது. மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். முன் சீட்டில் நான் உட்காருவதாக ஏற்பாடு. ஆனால் வண்டியின் அழகில் மயங்கிய மேனேஜர், பழைய பயத்தையெல்லாம் மறந்து முன்னால் ஏறிவிட்டார். நான் பின்னால் தள்ளப்பட்டேன். சங்கு வலது கையைக் குறுக்கே நீட்டி எப்படியோ முதல் கியரைப் போட்டுவிட்டார். எலுமிச்சம்பழம் நசுங்கியது, வண்டி கிளம்பியது. மேடும் வளைவுமான பாதையில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அந்தக் கையை மறுபடி எடுக்க முடியாதே. முதல் கியரிலேயே போனோம். எஞ்சின் அடித்தொண்டையில் கதறியது. மேனேஜர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னாப்பா இப்டிக் கத்துது? கியர மாத்து."

"நீங்கதான் சார் மாத்தணும்" என்றார் சங்கு.

கை விஷயம் அன்றைக்கே தெரிந்துபோயிற்று. ஆனால் மேனேஜர் கெட்டவரில்லை. சங்குவை வீட்டுக்கு அனுப்பாமல், ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேனாக ஒரு ஸ்டூல் கொடுத்து உட்கார வைத்தார். கீழேயிருந்து புது டிரைவர் வந்தான். இரண்டு கையும் நன்றாக இருந்தது, விசிலும் அடித்தான். வண்டி வாசலைத் தாண்டும்போது சங்கு கேட்டைத் திறப்பார், மூடுவார், உட்காருவார். யாரையும் பார்த்து எந்தக் கெடுதலும் சொல்வதில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தால்கூடச் சும்மா இருந்தார். அவர் பயந்தது போலவே, பக்கத்தில் பேச ஆளில்லாமல் ஆகிவிட்டது. அந்த மௌனம் எங்களுக்கு அவருடைய சாவுக் கதைகளைவிடப் பயங்கரமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் மருந்து அறை பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய், ஸ்டூலுக்கு இடது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னா வேணும்?" என்றார்.

"ஒண்ணும் வேணாம். சும்மாதான்."

நம்பாமல் என் முகத்தையே பார்த்தார். அதற்குள் கையைத் துடைத்துக்கொண்டே சரோஜாக்கா வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு நின்றிருந்த சாமை மூட்டைப் பெரியவரும் மூட்டையை இறக்கிவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். சங்கு எங்களை ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த மதில் சுவரை ஏற இறங்கப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தச் செவுரு வர்ற மழைக்கு நிக்காது. அடியில குந்தினவன் கதை சங்குதான்."

அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. பெரியவருடைய பஸ் வந்தது, போனது. நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.