தகப்பனார் வயலும் கடைமடைக் குடித்தனமும்

தியாகராய நகர்,
3-7-69

அன்புள்ள தம்பி ஸ்ரீரங்கனுக்கு, உங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கும் நல்லசிவம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் சுகம். உங்கள் தகப்பனார் சுகம். அவருடைய நெற்பயிர் எங்கள் எல்லோரையும்விடச் சுகம். டில்லியில் தங்கள் சுகத்துக்கு எழுதவும்.

நெற்பயிரா என்று திகைக்க வேண்டாம். முப்பது வருஷம் வாய்க்கால் மேற்பார்வை பார்த்த மனுஷர் ரிடையர் ஆனால் சும்மா இருப்பாரா? ஊரே குடத்தோடு குழாயடியில் தவம் கிடக்கிற வருஷத்தில், கொல்லையில் பாதியை வயலாக்கி நெல் நட்டுவிட்டார். கிணறு ஊறுவதோ நாளைக்கு நாற்பது வாளி. அதில் முப்பது பயிருக்கு, பத்து எங்களுக்கு. ஏன் சார் இப்படி என்றால், "தலைமடை பாய்ஞ்சப்பறந்தான் கடைமடைக்கு. நீர் கடைமடை, ஓய்! சித்த பொறும்" என்கிறார். எங்கள் முறை வந்ததும் விசில் ஊதுகிறார். குளிப்பதும் வரப்பில் நின்றுதான், தண்ணீர் வயலுக்குப் போகணுமாம். சோப்பு கூடாது, சீயக்காய்தான். போன வெள்ளிக்கிழமை ஆசைக்குக் கொஞ்சம் சோப்புப் போட்டுட்டேன் தம்பி, நுரை காட்டிக் கொடுத்துடுச்சு. மறுநாள் என் முறை ரத்து! ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை விரித்துக் காட்டுகிறவன் நான். அன்றைக்கு வந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்தால் என் சம்சாரம் இசக்கியம்மாள், "பயிரா நாமளான்னு இன்னிக்குக் கேட்டுருங்க. இல்லைன்னா புள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஆத்தூருக்குப் போயிருதேன். அங்க ஆத்துலயாவது முங்கலாம்" என்று பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள்.

ஆகவே பயிரை விட்டுவிடச் சொல்லி உடனே தகப்பனாருக்கு ஒரு கடிதம் போடவும். நீங்கள் சொன்னால்தான் கேட்பார். இல்லையேல் இந்த மாசமே காலி செய்துவிட்டு வடபழனிப் பக்கம் போய்விடுவோம். இது உறுதி.

தாங்கள் குடும்பத்தோடு நீடூழி வாழவும், எங்கள் குழாயில் ஒரு நாளாவது தண்ணீர் வரவும் முருகனை வேண்டும்,
நல்லசிவம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை கேட்கலாமென்று இசக்கியைத் தேடினால், குடிதண்ணீர்க் குடத்தோடு வரப்பில் நிற்கிறாள். இன்றைக்கு எங்களிடம் இருந்தது அந்த ஒரு குடம்தான். உங்கள் தகப்பனார் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். "ஏளா, என்ன இது?" என்றேன். "கதிரு பால் பிடிக்குது. இப்பம் தண்ணி காட்டலைன்னா அம்புட்டும் பதராப் போயிரும். ஒரு நேரம் காப்பி குடிக்காட்டா கொறஞ்சா போயிருவீய?" என்று முழுக் குடத்தையும் ஊற்றிவிட்டாள். அறுப்பு முடியாமல் ஊருக்கும் போக மாட்டாளாம், வீட்டையும் காலி செய்ய மாட்டாளாம். ஆகவே தகப்பனாருக்கு ஒன்றும் எழுத வேண்டாம். இதோ அவர் எழுந்து ஈர வயலைப் பார்த்துவிட்டு, முறை தவறிப் பாய்ச்சியது யார் என்று விசில் ஊதுகிறார். நான்தான் என்று சொல்லப் போகிறேன். நாளைக்கும் எனக்குக் குளியல் கிடையாது.